கோப்பெங் ஆறு முதல் குவாலா தாஹான் காடு வரை: பதின்ம வயதுப் பிள்ளைகளோடு ஐந்து நாள், முழுமையான வழிகாட்டி

ஆலய இளைஞர் பிரிவு, பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், டியூஷன் சென்டர் என்று யார் ஏற்பாடு செய்தாலும் முதல் கூட்டத்தில் ஒரே பேச்சுதான். எங்கே போகலாம், எத்தனை இடம் பார்க்கலாம், டி-சட்டை என்ன நிறம்? பயணத்தை உண்மையில் நடத்தப்போவது வேறு இரண்டு கேள்விகள். மழை எத்தனை மணிக்கு வரும்? கூட்டத்திலேயே மெதுவாக நடக்கும் பிள்ளை யார்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு அட்டவணை போட்டால் மற்றதெல்லாம் தன்னால் வந்து உட்காரும். அட்டவணையை முதலில் போட்டுவிட்டால் நான்காம் நாள் மாலை இருட்டும் காட்டில் 24 பிள்ளைகளை விரட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

கீழே உள்ள திட்டம் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் 13 முதல் 17 வயதுள்ள 24 பிள்ளைகளுக்கும் 4 பெரியவர்களுக்கும் ஆனது. எண்ணிக்கை மாறினால் விகிதத்தை மாற்றாதீர்கள்.

எந்தப் பாதை, எந்த மாதம்

முதல் நாள் பேராக்கில் கோப்பெங், அங்கே காலையிலேயே ஆற்றில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் துடுப்புப் போட்டு இறங்குவது. இரண்டாம் நாள் காலை குவா தெம்புரோங் குகை, பிறகு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை. மூன்றாம் நாள் தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட், சுங்கை கோயான், ஜெராண்டுட் வழியாகப் பகாங்கின் குவாலா தாஹான். நான்காம் நாள் முழுக்க தாமான் நெகாரா. ஐந்தாம் நாள் வீடு.

இதில் ஓர் இடத்தைக்கூட கூட்டாதீர்கள். குறைக்க வேண்டுமானால் கேமரனைக் குறைக்கலாம். ஆனால் அந்த ஓர் இரவுக் குளிரும் நல்ல தூக்கமும்தான் பிள்ளைகளைக் காட்டுக்குத் தயாராக்குகின்றன.

மாதம் பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பள்ளி ஆண்டிறுதி விடுமுறை நவம்பர், டிசம்பரில் விழுந்தால் உடனே அதைப் பிடித்துக்கொள்வார்கள். வடகிழக்குப் பருவமழை கிழக்குப் பக்கம் கொட்டும் காலம் அது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் தெம்பெலிங் ஆறு பொங்கிக் குவாலா தாஹானையே மூழ்கடித்தது. மேற்குப் பக்கமான கோப்பெங்கிலும் மலையோரத்திலும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு ஒத்துவருவது பிப்ரவரி, மார்ச், அப்புறம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இந்தப் பின்பகுதியில் புகைமூட்டம் வரக்கூடும். காற்றின் தரக் குறியீடு 100-ஐத் தாண்டியிருந்தால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். டுரியான் சீசனும் அதே சமயம்தான். குளிர்சாதனப் பேருந்துக்குள் டுரியான் ஏறக்கூடாது என்பதை முதல் நாளே சட்டமாக்குங்கள்.

யார் யார் வேண்டும்

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். பெண் பிள்ளைகள் இருந்தால் நால்வரில் இருவர் பெண்கள். ஆறுக்கு ஒருவர் என்பது சும்மா எடுத்த கணக்கு அல்ல. ஒரு பிள்ளைக்குக் கால் பிசகி, ஒரு பெரியவர் அவனோடு ஜெராண்டுட் மருத்துவமனைக்குப் போய்விட்டால், மீதி மூவர் 23 பேரைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு எட்டுக்குக் குறைவு, அது தாங்கும். இரண்டே பெரியவரோடு போனால் அந்த நிமிடமே பயணம் முடிந்தது.

இந்த நால்வர் வழிகாட்டிகள் அல்ல. ஆற்றுக்கும் குகைக்கும் காட்டுக்கும் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் வேண்டும். ஏற்பாட்டு நிறுவனத்திடம் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேளுங்கள், காட்டு வழிகாட்டியிடம் பச்சை அட்டையைக் கேளுங்கள். நீல அட்டை நகர்ச் சுற்றுலாவுக்கு, பச்சை அட்டை இயற்கைப் பகுதிகளுக்கு. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நல்ல வழிகாட்டி தானே எடுத்துக் காட்டுவார். பிறகு மூன்று கேள்விகள்: எந்த நிலையில் நடவடிக்கையை ரத்து செய்வீர்கள்? ரத்தானால் பணமா, மாற்று நாளா? ஒருவருக்கு அடிபட்டால் எந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில் வெளியே கொண்டுவருவீர்கள்? முதல் கேள்விக்கு “நாங்கள் ரத்தே செய்ததில்லை” என்று பெருமையாகப் பதில் வந்தால் அந்த நிறுவனம் வேண்டாம்.

பேருந்தைப் பொறுத்தவரை, உரிமமுள்ள சுற்றுலாப் பேருந்தாக இருக்க வேண்டும், எல்லா இருக்கையிலும் வேலை செய்யும் இருக்கை வார் இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்து, சுற்றுலாப் பேருந்துப் பயணிகளுக்கு வார் அணிவது கட்டாயம். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருவர் நேரில் போய் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கட்டும். இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கும் வார் கணக்கில் சேராது. ஓட்டுநருக்கும் நான்கு இரவும் படுக்கை வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். அவரைப் பேருந்திலேயே தூங்கவிட்டு மறுநாள் கேமரன் வளைவுகளில் வண்டியை அவர் கையில் கொடுப்பது எந்தக் கணக்கில் சிக்கனம்?

காகிதங்களும் உடல்நலமும்

பன்னிரண்டு வாரம் முன்பு தேதியும் பேருந்தும் உறுதி. பத்து வாரம் முன்பு பெற்றோர் கூட்டம். எட்டு வாரம் முன்பு ஒப்புதல் கடிதமும் உடல்நலப் படிவமும் கையில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் வாட்ஸ்அப்பில் வாங்கும் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் “இல்லை” என்றுதான் இருக்கும், அதை நம்பாதீர்கள்.

படிவத்தில் “நோய் உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. தனித்தனியாகக் கேளுங்கள். ஆஸ்துமா, கடைசியாக எப்போது இன்ஹேலர் பயன்படுத்தினார்? வலிப்பு? குளவி, கடல் உணவு, மருந்து ஒவ்வாமை? ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் பிறவிக் குறை)? இந்த நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பிறந்ததுமே சோதிப்பார்கள் என்பதால் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். சில மருந்துகள் அவர்களுக்கு ஆகாது, மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அது. நீச்சல் தெரியுமா? எவ்வளவு தூரம்? இருட்டு, உயரம், குறுகிய இடம் இவற்றில் பயம் உண்டா? தூக்கத்தில் நடப்பாரா? கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். ஆற்றங்கரையில் தங்கும்போது சிரிப்பு வராது.

ஒவ்வொரு பிள்ளையின் மைகார்டும் (அடையாள அட்டை) அசலாக வேண்டும். நகல்களை இரண்டு கட்டாக, இரண்டு பெரியவர் பைகளில் பிரித்து வையுங்கள். குழுக் காப்புறுதி எடுக்கும்போது விலக்குப் பகுதியைப் படியுங்கள். சாதாரண விபத்துக் காப்புறுதிகள் பலவற்றில் ராஃப்டிங்கும் குகையும் சேராது. “ராஃப்டிங், குகை, காட்டு நடை சேருமா?” என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பணக் கணக்கில் ஒரே பொறிதான் இருக்கிறது. பேருந்து வாடகை, வழிகாட்டிக் கட்டணம் போன்றவை ஆள் குறைந்தாலும் குறையாது. பெயர் கொடுத்த 24 பேரால் அதை வகுத்தால் மூன்று பேர் கழன்றதும் கையிலிருந்து போடுவீர்கள். 20 பேரால் வகுத்து விலை சொல்லுங்கள், மொத்தத்தில் 15 விழுக்காடு அவசரத்துக்கு ஒதுக்குங்கள், மிஞ்சினால் திருப்பிக் கொடுங்கள். காட்டுப் பக்கம் போவதற்கு முன்பே ரொக்கம் எடுத்துவிடுங்கள். ஆற்றைக் கடக்க சம்பான்காரருக்கு (சிறு படகுக்காரருக்கு) கொடுப்பது சில்லறை வெள்ளிதான்.

பையில் என்ன, காலில் என்ன

விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் சப்பாத்து காட்டில் இரண்டு மணி நேரம் தாங்கும், பிறகு அடிப்பாகம் வழுக்கும், துணி நீர் குடித்துக் கனக்கும். இங்கே மலையேறுபவர்கள் செல்லமாக “அடிடாஸ் கம்போங்” என்று அழைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்தே போதும். நம் பாட்டன் பாட்டிகள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன அதே வகை. முழுக்க ஒரே வார்ப்பு, அடியில் குமிழ் குமிழாகப் பற்கள், சேற்றிலும் வேரிலும் பிடிக்கும், ஆற்றில் நனைந்தாலும் கவிழ்த்தால் தண்ணீர் வடிந்துவிடும். விலையோ மமாக் கடையில் ஒரு சாப்பாட்டுக்கு ஆவதுபோல. அதன் குறை ஒன்றுதான்: உள்ளே மெத்தை கிடையாது. அதனால் வழக்கத்தைவிட ஓர் அளவு பெரியதாக வாங்கி, தடித்த காலுறையோடு அணிய வேண்டும். புதிதாகக் காட்டில் போடக்கூடாது. குதிகாலில் கொப்புளம் வரும் இடத்தை ஒத்திகை நடையிலேயே கண்டுபிடித்து, அங்கே முன்கூட்டியே துணிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

உடை: காற்பந்து ஜெர்சி மாதிரி சீக்கிரம் காயும் மேலாடை மூன்று, அதே துணியில் நீள் கால்சட்டை இரண்டு, குட்டை ஒன்று. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த ஜீன்ஸோடு ஒரு மணி நேரம் நடந்தால் தொடை உரிந்துவிடும். தொடையில் வாஸ்லின் தடவிக்கொள்ளும் யோசனையைப் பையன்களிடம் ஓர் அண்ணன் தனியாகச் சொல்லட்டும். கேமரனுக்கு ஒரு குளிர்ச்சட்டை. இவை போக ஒரே ஒரு உலர் செட், இரவில் தூங்க மட்டும். பகலில் மற்றதெல்லாம் நனைந்தாலும் இதைத் தொடக்கூடாது. பைக்குள் பெரிய கறுப்புக் குப்பைப் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கிக் கட்டினால் மழை உறை தனியாக வாங்க வேண்டியதில்லை.

ஆளுக்கு ஒரு தலைவிளக்கும் மாற்று பேட்டரியும், ஒரு லிட்டர் போத்தல் இரண்டும், ஒரு விசிலும் கட்டாயம். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் கயிறும் வேண்டும், ஆறு விழுங்கிய கண்ணாடி திரும்பி வராது. பெண் பிள்ளைகள் நாள் கணக்குப் பார்க்காமல் எல்லோரும் நாப்கின் எடுத்து வரட்டும். இடம் மாறினால், அலைச்சல் கூடினால் தேதி தள்ளிப்போகலாம், முந்தியும் வரலாம். பொறுப்பான அக்கா ஒருவர் பையில் கூடுதலாக இரண்டு பொட்டலமும் பயன்படுத்தியதைக் கட்டிக் கொண்டுவர ஒளி புகாத பைகளும் இருக்கட்டும். காட்டில் எதையும் புதைக்கக்கூடாது.

முதலுதவிப் பை 28 பேருக்கு: உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் 20, பாராசிட்டமோல், மீள்கட்டு 4 சுருள், முக்கோணத் துணி 4, காஸ் 20, துணிப் பிளாஸ்திரி 3 சுருள், கிருமிநாசினி, சாமணம், வெப்பமானி, கையுறை 10 ஜோடி. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். உப்பைக் கூட்டாதீர்கள்.

ஒத்திகை

ஆறு வாரம் முன்பு ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன், கூட்டம் சேருவதற்குள், பத்துமலையின் 272 படி. ஐந்து கிலோ பையோடு மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். யார் முதலில் முடித்தார் என்று பார்க்காதீர்கள். யார் கடைசி, அவருக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். காட்டில் உங்கள் குழுவின் வேகம் அதுதான். மூன்று வாரம் முன்பு அதே பை, அதே சப்பாத்தோடு புக்கிட் காசிங்கில் மூன்று மணி நேர நடை, முடிந்தால் மழை பெய்த மறுநாள். ஒத்திகைக்கு இருமுறையும் வராத பிள்ளை பயணத்துக்கும் வரக்கூடாது. பெற்றோர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

முதல் நாள்: ஆறு

தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் காலையில். தித்திவங்சா மலைத்தொடரில் பிற்பகலில் மேகம் திரண்டு பெய்யும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை ஆற்றில் இறங்கி வரும். மலாயில் “கெப்பாலா ஆயர்” என்பார்கள், நீர்த்தலை. அதனால் கோலாலம்பூரிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். கோப்பெங் சுமார் 180 கி.மீ. வழியில் பசியாறிவிட்டு 9 மணிக்கு அங்கே இருந்தால் 10 மணிக்குப் படகு இறங்கும், மதியத்துக்குள் கரையேறலாம்.

கோப்பெங்கில் படகு இறங்கும் கம்பார் ஆறு தொடக்கநிலைக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் ஆறு ஆறுதான். உயிர்காப்புச் சட்டையைப் பெரியவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையால் சோதிக்க வேண்டும். எல்லா வாரையும் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். சட்டை காதுவரை ஏறினால் தளர்வு, மறுபடி இறுக்கவும். மூச்சு முட்டுகிறது என்று பிள்ளை சொன்னால் அனேகமாகச் சரியாக இருக்கிறது என்று பொருள். ஒரு விரல் நுழைகிறதா என்று மட்டும் பாருங்கள். தலைக்கவசம் நெற்றியை மூட வேண்டும், தொப்பி மாதிரி பின்னால் சரிந்திருக்கக்கூடாது.

ராஃப்டிங்கில் பல் போவது பாறையால் அல்ல, பக்கத்திலிருப்பவரின் துடுப்பால். துடுப்பின் மேல்முனையில் டி வடிவப் பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடிப் பிடித்திருக்க வேண்டும். படகு குலுங்கும்போது பிள்ளைகள் செய்யும் முதல் காரியம் அந்தக் கையை விட்டு நண்பனைப் பிடிப்பது. விட்ட துடுப்பு பின்னால் இருப்பவரின் வாயில் இறங்கும். கரையிலேயே பத்து முறை “பிடி” என்று கத்தி ஒத்திகை பாருங்கள்.

நீரில் விழுந்தால் மல்லாந்து படு, கால் ஆறு ஓடும் பக்கம், விரல் நுனி நீருக்கு மேலே தெரியட்டும். ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் ஆழம் இருக்கும்வரை எழுந்து நிற்காதே. நிற்க முயன்ற கால் இரண்டு பாறைக்கு நடுவில் சிக்கினால் நீரின் வேகம் உடம்பை முன்னால் மடக்கி அமுக்கிவிடும். கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடி, கையில் சுற்றாதே. நெஞ்சுக்கு மேல் பிடித்துத் தோள் வழியாக விட்டு, மல்லாந்தபடியே வா. நீச்சல் தெரியாத பிள்ளைகளைப் படகு வழிகாட்டியிடம் பெயர் சொல்லிக் காட்டி, ஒரே படகில் சேர்க்காமல் பிரித்து உட்கார வையுங்கள்.

கரையில் குளிக்கும்போது நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் மாறினாலோ, கேள்வி கேட்காமல் எல்லோரும் மேட்டுக்கு ஓட வேண்டும். செருப்பு எடுக்க யாரும் திரும்பக்கூடாது.

இரண்டாம் நாள்: குகை, பிறகு குளிர்

குவா தெம்புரோங்கில் மேடை வழியாக மட்டும் நடக்கும் உலர் சுற்றும் உண்டு, உள்ளே ஓடும் ஓடையில் தவழ்ந்து போகும் ஈரச் சுற்றும் உண்டு. நீண்ட சுற்றுக்கு மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவு நல்ல மழை பெய்திருந்தால் ஈரச் சுற்றை வழிகாட்டி மறுப்பார். மன்றாடாதீர்கள். குகைக்குள் ஏறும் நீருக்குத் தப்ப மேடு கிடையாது. உள்ளே நுழையும் முன் எல்லா விளக்கையும் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். குறுகிய இடத்துக்குப் பயப்படும் பிள்ளை உலர் சுற்றோடு நிற்கட்டும், துணைக்கு ஒரு பெரியவர் நிற்கட்டும். கேலி செய்பவன் அன்று இரவு பாத்திரம் கழுவுவான் என்று முன்பே சொல்லிவைத்தால் கேலி வராது.

கேமரன் சாலை வயிற்றைக் கலக்கும். மதியம் தேங்காய்ப்பால் போட்ட சாப்பாட்டைத் தவிர்த்து, வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கைக்கு மாற்றி, கைப்பேசியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பெற்றோர் ஒப்புக்கொண்டிருந்தால் பயண மாத்திரையைக் கிளம்ப அரைமணி முன் கொடுங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. அசாம்போய் (புளிப்பு உலர்பழம்) ஒரு பொட்டலம் எல்லார் மனத்தையும் தேற்றும்.

தானா ராத்தாவில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, சைவப் பிள்ளைகளுக்கு இதுதான் நிம்மதியான இரவு. இங்கிருந்து தேயிலைச் சரிவுகளைக் காட்டும்போது, 1929-இல் தொடங்கிய போ (BOH) தேயிலைத் தோட்டத்திலும் மற்றவற்றிலும் காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் நம் முன்னோர் எத்தனையோ பேர் என்பதையும் சொல்லுங்கள். படம் பிடிக்கும் இடம் மட்டுமல்ல அது.

மூன்றாம் நாள்: நீண்ட சாலை

பயணத்திலேயே சலிப்பான நாள். காலை 8.30-க்குள் கிளம்பிவிடுங்கள், வழியில் எந்தப் பண்ணையும் வேண்டாம். ஜெராண்டுட்டில் மதியச் சாப்பாடு, ரொக்கம், மருந்துக் கடை எல்லாம் முடித்துவிடுங்கள். அங்கிருந்து குவாலா தாஹான் சாலை வழியே சுமார் ஒன்றரை மணி நேரம். இருட்டுவதற்கு முன் அறைகளைப் பிரித்து, மறுநாள் பையைக் கட்டிவிட வேண்டும்.

மிதக்கும் உணவகங்களில் சாப்பாடு ஹலால், ருசியும் உண்டு. சைவம் என்றால் மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். “சாயூர்” என்று கேட்டால் காய்கறிதான் வரும், அதற்குள் பெலாச்சானும் (இறால் விழுது) நெத்திலியும் இருக்கும். “தாக் நாக் டாகிங், தாக் நாக் பெலாச்சான், தாக் நாக் ஈக்கான் பிலிஸ்” என்று (இறைச்சி, பெலாச்சான், நெத்திலி எதுவும் வேண்டாம்) மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி, முந்தைய நாளே எண்ணிக்கையும் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் நாள்: காடு

தாமான் நெகாரா 4,343 சதுர கி.மீ, பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றிலும் பரந்தது. நீங்கள் பார்க்கப்போவது அதன் ஒரு நக நுனி. சம்பானில் ஆற்றைக் கடந்து, பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் நுழைவு அனுமதி வாங்கி, 8 மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். மரமுடி நடைபாதை முதலில், புக்கிட் தெரெசெக் குன்று அடுத்து. நடைபாதை தரையிலிருந்து 40 மீட்டர் வரை உயரத்தில் தொங்குகிறது. இடி கேட்டால் மூடிவிடுவார்கள், அதனால்தான் அதை முதலில் வைப்பது. ஆட்டிப் பார்ப்பவன் அடுத்த பாலம் ஏறாமல் இறங்கட்டும்.

நடை வரிசை இப்படி: வழிகாட்டி, அவருக்கு நேர் பின்னால் குழுவிலேயே மெதுவாக நடக்கும் பிள்ளை, பிறகு மற்றவர்கள், கடைசியில் ஒரு பெரியவர். கடைசியாள் யாரையும் முந்தக்கூடாது, யாரும் அவருக்குப் பின்னால் நிற்கக்கூடாது. மெதுவான பிள்ளையைக் கடைசியில் விட்டால் மற்றவர்கள் நின்று இளைப்பாறும் இடத்துக்கு அவன் வந்து சேரும்போது அவர்கள் கிளம்பிவிடுவார்கள். நாள் முழுக்க அவனுக்கு ஓய்வே கிடைக்காது. 24 பேர் கொண்ட வரிசை காட்டில் மணிக்கு ஒன்றரை, இரண்டு கி.மீ போனால் பெரிது.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே சத்தமாகச் சொல்லுங்கள். “பகல் 1 மணி. உச்சி வந்தாலும் வராவிட்டாலும் திரும்புகிறோம்.” சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் மறையும், ஆனால் மரங்களுக்கு அடியில் ஆறுக்கே இருட்டிவிடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் திறந்த முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

வழியோரத்தில் மெல்லிய சாட்டைபோல ஒன்று நீண்டு தொங்கும். பார்த்தால் கொடி. அதன் அடிப்பக்கம் முழுக்கப் பூனை நகம்போல் வளைந்த முட்கள், எல்லாம் ஒரே திசை பார்த்திருக்கும். ரோத்தான். அந்தக் காலத்து வாத்தியார் கையில் இருந்தது இதன் தண்டுதான். சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள், இன்னும் நான்கு முள் சேர்ந்து குத்தும். நில், ஓரடி பின்னால் வா, முள் தானாகத் தளரும், பிறகு விரலால் ஒவ்வொன்றாக எடு. இதை முதல் செடியிலேயே நிறுத்திச் செய்து காட்டினால் மதியத்துக்குள் பாதிச் சட்டை தப்பும்.

அட்டை கடிக்கும். கடிக்காமல் இருக்க வழி தேடுவதைவிட, கடித்தால் கத்தாமல் இருக்கப் பழக்குவது எளிது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், காலுறை மேல் கோடாலித் தைலம் தேய்த்தால் கொஞ்ச நேரம் தள்ளி நிற்கும், நனைந்தால் போய்விடும். ஏறியதைப் பிய்த்து இழுக்காமல், நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து அதன் மெல்லிய முனைப் பக்கமாகத் தள்ளினால் வாய் விடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சுரப்பைச் செலுத்துவதால் கசிவு நிற்க நேரமாகும். துடைத்து, அழுத்தி, பிளாஸ்திரி போட்டால் போதும்.

மாலையில் இந்தக் காட்டின் பூர்வகுடிகளான பாத்தேக் மக்களின் குடியிருப்புக்குப் போவதானால் வழிகாட்டி மூலம், அவர்கள் ஒப்புக்கொண்ட கட்டணத்தோடு போங்கள். சும்பிட் (ஊதுகுழல் அம்பு) ஊதுவதையும் தீ மூட்டுவதையும் காட்டுவார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கைப்பேசி நீட்டக்கூடாது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கக்கூடாது. “பாவம்” என்ற சொல் வாயில் வரவே கூடாது, தமிழில் சொன்னாலும் முகம் சொல்லிவிடும்.

எண்ணிக்கை

1967 மார்ச் 26-இல், தாய்லாந்தில் பட்டு வணிகம் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன் தானா ராத்தாவில் ஒரு பங்களாவிலிருந்து உலாவப் போனார். பெரிய தேடுதல் நடந்தும் இன்றுவரை கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டு எண்ணிக்கை விதியைச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 24 வரை ஓர் எண், ஐந்து நாளும் மாறாது. பேருந்தில் ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணைக் கத்த வேண்டும். பெரியவர் எண்ணைக் கேட்டால் போதாது, முகத்தைப் பார்க்க வேண்டும். தவறு நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான்: “14?” என்றால் 15 பதில் சொல்கிறான், “பின்னால வர்றான் அண்ணே.” அந்த நொடியே வரிசை நிற்க வேண்டும். பிரிந்துவிட்ட பிள்ளைக்கு ஒரே விதி: இருக்கும் இடத்திலேயே ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார், மூன்று முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்து, மறுபடி மூன்று. ஓடையைத் தொடர்ந்து போகாதே. அவசர எண் 999, ஆனால் காட்டில் கைப்பேசித் தொடர்பை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

வீடு திரும்பிய பிறகு

ஐந்தாம் நாள் காலையில் கிளம்பினால் நான்கு மணி நேரப் பயணம், வெளிச்சத்திலேயே கோலாலம்பூர். பெற்றோரிடம் பிள்ளையை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கும்வரை எண்ணிக்கை தொடரும்.

ஆற்றிலும் சேற்றிலும் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளக்கூடும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரியும், ஒரு மாதம்கூட ஆகலாம். காட்டுக் கொசுவால் குரங்கு மலேரியா வரலாம், டெங்கி எங்கும் உண்டு. மூன்றுமே முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். பிள்ளை எங்கே போய் வந்தது என்று தெரியாத மருத்துவர் பாராசிட்டமோல் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். அதனால் பேருந்து இறங்கும் முன்பே பெற்றோர் குழுவுக்கு இந்தச் செய்தியை அப்படியே அனுப்புங்கள்:

“அடுத்த 30 நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கடும் தலைவலி இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கோப்பெங் ஆற்றில் இறங்கினான், குகைக்குள் தவழ்ந்தான், தாமான் நெகாரா காட்டில் நடந்தான் என்று தேதியோடு சொல்லுங்கள். எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள், மற்ற 23 வீட்டுக்கும் சொல்ல வேண்டும்.”